கல்கத்தா விடுதிகள் – 8: ரோஸி சார்க்கீஸ் வாங்கிய வீடு

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லால்பஜாரில் ஹார்மோனிக் டேவர்ன் என்னும் மதுவிடுதி கொடிகட்டிப் பறந்ததையும், அதைச் சுற்றி மாலுமிகளை நம்பிப் பிழைத்த பஞ்ச் வீடுகள் பெருகியதையும், 1833-இல் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டி அந்நகரத்தாரின் குடிப்பழக்கத்தை மாற்றியதையும், ரொட்டிக்கடை நடத்திய டேவிட் வில்சன் 1840-களின் தொடக்கத்தில் பெரிய ஓட்டல் ஒன்றின் உரிமையாளராக உயர்ந்ததையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விரித்துரைத்தன. சௌரிங்கியில் திருமதி மங்க் நடத்திய போர்டிங் ஹவுஸ், ஆர்மீனிய வணிகர் அராத்தூன் ஸ்டீபனின் கைக்கு மாறி கிராண்ட் ஓட்டலாக விரிந்த வரலாற்றோடு சென்ற வாரப் பகுதி நின்றது.

போர்டிங் ஹவுஸ் என்பது அறையையும் வேளாவேளைக்கு உணவையும் சேர்த்து வாடகைக்குத் தரும் வீடு. ஓட்டலைவிடச் செலவு குறைந்ததாகவும், சத்திரத்தைவிட ஒழுங்கு மிகுந்ததாகவும் இருந்த இவ்வகை வீடுகளைப் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களும் மணமாகாத பெண்களும் நடத்தினர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கல்கத்தாவில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் மரியாதை குறையாமல் சொந்தக் காலில் நிற்பதற்கு ஆசிரியப் பணி, செவிலியர் பணி ஆகியவற்றோடு இருந்த மற்றொரு வழி இதுவே.

கிராண்ட் ஓட்டலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், இந்திய அருங்காட்சியகத்தை ஒட்டிப் பிரியும் சதர் தெருவின் 13-ஏ எண்ணுள்ள வீட்டில் இவ்வாரக் கதை நிகழ்கிறது.

★

அவ்வீட்டின் பெயர் ஃபேர்லான். 1783-இல் வில்லியம் ஃபோர்டு என்ற ஐரோப்பியர் அதைக் கட்டினார். வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த அந்த ஆண்டிலேதான், பின்னர் ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் நீதிபதியாகப் பதவியேற்கக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அக்கழகத்தின் சேகரிப்பிலிருந்து 1814-இல் பிறந்த அருங்காட்சியகம் சௌரிங்கியில் இன்றுள்ள மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது ஆண்டு 1878 ஆகிவிட்டது. ஆகவே ஃபேர்லான் தன் புகழ்பெற்ற அண்டைவீட்டைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்தது.

தடித்த செங்கற்சுவர்கள், உயர்ந்த கூரை, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் சாய்பலகை மரச்சன்னல்கள், முன்புறம் மரங்கள் அடர்ந்த முற்றம் என்று, கடலோர வெப்பத்தோடு போராடிக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையின் கட்டடக்கலை அதில் தெரிகிறது. வங்காளிகள் கர்கரி என்று வழங்கும் அச்சன்னல்கள் பச்சை வண்ணம் பூசப்பட்டவை. முற்றத்தில் போடப்பட்ட நாற்காலிகளும் மேசைகளும் பச்சையாகவே இருந்ததால், நகரத்தின் மூன்று தலைமுறையினர் அவ்வீட்டைப் பச்சை நிறத்தோடு சேர்த்தே நினைவில் வைத்துள்ளனர்.

அம்முற்றமே பிற்காலத்தில் கொல்கத்தாவின் மிகப் புகழ்பெற்ற பீர் தோட்டமாயிற்று. முதுகில் மூட்டை சுமந்து உலகம் சுற்றும் இளைஞர்களும், பணிமுடிந்து வரும் பத்திரிகையாளர்களும், கல்லூரி மாணவர்களும், ஓய்வுபெற்ற அலுவலர்களும் குளிர்ந்த பீர் புட்டிகளைச் சுற்றி ஒரே மேசையில் அமரும் இடமாக அது மாறியது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக ஊரார் கூடும் பொதுவிடம் அவ்வூரின் மதுவிடுதியாகும். ஊர்ச் செய்தியும் ஊர் வழக்கும் அங்கேதான் பேசப்படும். நெரிசல் மிகுந்த கல்கத்தாவின் நடுவில் அதற்கு ஓரளவேனும் நிகரானது என்று ஓர் இடத்தைச் சுட்டவேண்டுமானால், அது ஃபேர்லானின் முற்றமே.

ஆயினும் அவ்விடத்தை அவ்வாறு ஆக்கிய குடும்பம் ஆங்கிலக் குடும்பமன்று. சுவர்களில் பிரித்தானிய அரச குடும்பத்தின் படங்கள் தொங்கிய, மணியோசைக்கு உணவு பரிமாறப்பட்ட, மாலை நான்கு மணிக்குத் தவறாமல் தேநீர் வந்த அவ்வீட்டை நிலைநிறுத்தியவர்கள், தம் தாய்நாட்டில் கால்வைக்க வழியற்றுப்போன ஆர்மீனியர்கள். ஃபேர்லானின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோலாகும்.

★

ஆர்மீனியர் என்போர் காக்கசஸ் மலைப்பகுதியையும் கிழக்கு அனத்தோலியாவையும் பூர்விகமாகக் கொண்ட தொன்மையான கிறித்தவ மக்கள். பாரசீகப் பேரரசில் இசுபகான் நகரை ஒட்டிய புதிய ஜுல்ஃபாவில் குடியேற்றப்பட்ட அவர்களுள் வணிகக் குடும்பத்தினர், ஆங்கிலேயருக்கு முன்பே இந்தியத் துறைமுகங்களில் கடைவிரித்திருந்தனர்.

தமிழ் வாசகர்களுக்கு அவர்கள் புதியவர்கள் அல்லர். சென்னையின் ஆர்மீனியன் தெருவும், அத்தெருவில் 1772-இல் எழுந்த தேவாலயமும், அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தவரும் பரங்கிமலையின் படிக்கட்டுகளை அமைத்தவருமான கோஜா பெட்ரூஸ் உஸ்கானின் கொடையும் அச்சமூகத்தின் தடங்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானதும் சென்னையிலேதான்.

கல்கத்தாவில் அவர்களுடைய தடம் இன்னும் ஆழமானது. 1724-இல் கட்டப்பட்ட நாசரேத்து ஆர்மீனியத் தேவாலயத்தின் வளாகத்தில் 1630-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்லறைக் கல் ஒன்று உள்ளது. சதர் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், முன்பு ஃபிரீ ஸ்கூல் தெரு என்று வழங்கிய மிர்சா காலிப் தெருவில் ஆர்மீனியக் கல்லூரி இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811-இல் பிறந்த மனையும் அக்கல்லூரி வளாகமே.

கிழக்கு வங்காளத்திலோ அவர்களுடைய செல்வம் சணலில் விளைந்தது. டாக்காவின் ஆர்மானிடோலா வட்டாரத்தில் 1781-இல் தேவாலயம் எழுப்பிய அச்சமூகம், 19-ஆம் நூற்றாண்டில் நாராயண்கஞ்ச் துறைவழியாகச் சணல் ஏற்றுமதி செய்யும் வணிகத்தில் முன்னணியில் நின்றது. போகோஸ், டேவிட், அராத்தூன், சார்க்கீஸ் ஆகியவை அவ்வணிகத்தில் அடிக்கடி தென்படும் குடும்பப் பெயர்கள்.

சார்க்கீஸ் என்ற பெயரைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் வேறொரு வகையில் அறிவார்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், 1887-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் ராஃபிள்ஸ், 1901-இல் திறக்கப்பட்ட இரங்கூனின் ஸ்ட்ராண்ட் ஆகிய ஓட்டல்களை நிறுவியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள். ஆர்மீனியரிடையே அது பரவலான பெயராகையால், பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு ஃபேர்லான் குடும்பத்தை அவர்களோடு இணைப்பது முறையாகாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: நாடற்ற வணிகச் சமூகத்துக்கு விடுதித்தொழில் நன்கு பொருந்தியது. பல மொழிகள் பேசத் தெரிந்தவர்களாகவும், ஐரோப்பியரின் உணவுமுறை அறிந்தவர்களாகவும், ஆசியத் துறைமுகங்களில் உறவினர் வலை உள்ளவர்களாகவும் இருந்த ஆர்மீனியர்கள், எல்லா ஊரிலும் அயலாராக இருந்து பழகியதாலேயே அயலாரை உபசரிக்கும் கலையில் தேர்ந்தார்கள்.

★

1915-இல் உதுமானியப் பேரரசில் தொடங்கிய இன அழிப்பு, ஆர்மீனியருடைய வரலாற்றை இரண்டாகப் பிளந்தது. ஊர்கள் வெறுமையாக்கப்பட்டு மக்கள் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். இறந்தோர் தொகை பத்து இலட்சத்துக்குக் குறையாது என்பது வரலாற்றாசிரியர் பலருடைய கணக்கு. தப்பியவர்கள் பாரசீகம், சிரியா, எகிப்து, இந்தியா என்று சிதறினர்.

ரோஸி சார்க்கீஸின் குடும்பக் கதை அச்சிதறலில் தொடங்குகிறது. அழிவிலிருந்து தப்பி வந்த அக்குடும்பத்துக்கு டாக்கா புகலிடமாயிற்று. மகள் வயலெட் 1921-இல் அங்கே பிறந்தார். பின்னர் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது.

1936-இல் ரோஸி சார்க்கீஸ் சதர் தெருவின் அந்த வீட்டை வாங்கினார்.

இந்த ஆண்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் சணல் விலையைச் சாய்த்து, வங்காளத்தின் வணிகக் குடும்பங்கள் பலவற்றை நிலைகுலையச் செய்திருந்த காலம் அது. தலைநகரம் 1911-இல் தில்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டதிலிருந்து கல்கத்தாவின் அதிகாரப் பெருமையும் தேய்ந்து வந்தது. விடுதித்தொழிலுக்கோ அது கெட்ட காலத்திலும் கெட்ட காலம்: அராத்தூன் ஸ்டீபனின் மறைவுக்குப் பின் கிராண்ட் ஓட்டலில் தங்கியிருந்தோர் சிலர் டைபாய்டு காய்ச்சலால் இறக்க, குடிநீர்க் குழாய்கள்மீது ஐயம் விழுந்து, நகரின் மிகப்பெரிய அந்த விடுதி 1937-இல் கதவடைத்தது. அதை 1938-இல் குத்தகைக்கு எடுத்த மோகன் சிங் ஓபராயின் துணிவைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அதே தொழிலில், அதே வட்டாரத்தில், அதற்கும் முன்பே பணத்தை இறக்கிய ஆர்மீனியப் பெண்மணியின் துணிவைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இக்குறை இத்தொடரை எழுதத் தூண்டிய காரணங்களுள் ஒன்று.

பெரிய ஓட்டல் சரிந்தபோது சிறிய போர்டிங் ஹவுஸ் சரியாமல் நின்றதற்குக் காரணம் அதன் அளவிலேயே இருந்தது. உரிமையாளர் அதே கூரையின் கீழ் வாழ்ந்து, அதே சமையலறையில் ஆக்கியதை உண்டு, அதே நீரைக் குடித்தார். விருந்தினர் பட்டியலில் இருந்த பெயர்களும் முகங்களும் அவருக்குத் தெரிந்தவை. வெள்ளையுடையும் தலைப்பாகையும் இடைக்கச்சையும் அணிந்த பேரர்கள் — உணவு பரிமாறும் ஊழியர்களுக்கு வட இந்தியாவில் வழங்கும் பெயர் இது — ஆண்டுக்கணக்கில் அங்கேயே பணிசெய்ததால், இன்னார்க்கு இன்னது பிடிக்கும் என்பது ஏட்டில் எழுதாமலேயே நினைவில் நின்றது.

மது வழங்குவதிலும் அவ்வீட்டுக்கென ஓர் இடம் இருந்தது. 1909-ஆம் ஆண்டின் வங்காள ஆயத்தீர்வைச் சட்டம் மதுவை ‘நாட்டு மது’, ‘வெளிநாட்டு மது’ என இருவகையாகப் பகுத்தது. நாட்டு மது என்பது உள்ளூரில் வடிக்கப்பட்ட சாராயம். நகரத்தார் அதை ‘பாங்ளா’ என்பர். விஸ்கி, பிராந்தி, பீர் முதலியன உள்நாட்டிலேயே காய்ச்சப்பட்டாலும் வெளிநாட்டு மது என்ற பிரிவிலேயே அடங்கின. இந்தப் பகுப்பு வரிக்காக ஏற்பட்டதாயினும், யார் எங்கே அமர்ந்து குடிப்பது என்பதையும் அதுவே வகுத்துவிட்டது. சதர் தெருவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள காலாசிடோலாவின் சாராயக்கடையில் கூலித் தொழிலாளரும், பிற்காலத்தில் கமல்குமார் மஜும்தார், சக்தி சட்டோபாத்யாய் போன்ற எழுத்தாளரும் பாங்ளா குடித்தனர். ஃபேர்லான் போன்ற வீடுகளில் தங்கியிருந்தோர் சட்டம் வெளிநாட்டு மது என்று வகுத்ததைக் குடித்தனர். இரண்டு உலகங்களுக்கும் இடையே நடைதூரம் கால் மணிநேரமே; சமூகத் தூரமோ மிகப் பெரியது.

★

போர் வந்தது.

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும், பர்மாவிலிருந்து கால்நடையாகவும் கப்பலிலும் தப்பியோர் வங்காளத்துக்குள் பெருகினர். அவர்களுள் தமிழர்களும் பெருந்தொகையினர். அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் கல்கத்தாவின்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. நகரம் சில மாதங்களிலேயே பர்மாப் போர்முனையின் பின்புலப் பாசறையாயிற்று. பிரித்தானிய, அமெரிக்க, ஆப்பிரிக்க, கனடியப் படையினர் சௌரிங்கியை நிறைத்தனர், ஓட்டல்களில் இடமில்லை.

இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி, போர்த்தேவைக்காகத் தனியார் கட்டடங்களை அரசு கையகப்படுத்தலாம். கல்கத்தாவின் பள்ளிகள், கல்லூரிகள், மாளிகைகள் பலவும் அவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்டன. ஃபேர்லானும் தப்பவில்லை, அது கனடா விமானப்படையினரின் தங்குமிடமாக மாற்றப்பட்டது. நாட்டை இழந்து வந்தவர் வாங்கிய வீடு, வாங்கிய சில ஆண்டுகளிலேயே அவர் கையைவிட்டுப் போயிற்று.

அக்காலத்தை அதன் இசைநிகழ்ச்சிகளோடும் நடனங்களோடும் மட்டும் சேர்த்து நினைவுகூரும் வழக்கம் விடுதி வரலாறுகளில் உண்டு. அது நேர்மையாகாது. 1943-இல் வங்காளப் பஞ்சம் 20 முதல் 30 இலட்சம் பேரைக் கொன்றது. கிராமங்களிலிருந்து வந்தவர்கள் சோறு கேட்கத் துணியாமல் கஞ்சித்தண்ணீர் கேட்டு, ஓட்டல்களின் வாசல்களுக்கு எதிரேயே நடைபாதையில் விழுந்து இறந்தனர். வெண்டுணி விரித்த மேசைகளும் அந்த நடைபாதைகளும் ஒரே தெருவில் இருந்தன. கல்கத்தாவின் எந்த விடுதியின் வரலாறும் இந்த உண்மையைக் கடந்து எழுதப்படக்கூடாது.

போர் அக்குடும்பத்துக்கு ஒரு மருமகனையும் தந்தது. நார்தாம்ப்டன்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த எட்மண்ட் சுமித் என்ற ஆங்கிலேய அதிகாரியை வயலெட் மணந்தார். டாக்காவில் பிறந்த ஆர்மீனியப் பெண், பிரித்தானியப் படையதிகாரியின் மனைவியானார். நாட்கள் சென்றபின் ஃபேர்லானின் சுவர்களில் இடம்பெற்ற அரச குடும்பப் படங்களுக்கும், ஆங்கில வீட்டு ஒழுங்குகளுக்கும் பின்னால் இத்திருமணமும் ஒரு காரணமாக இருந்தது.

★

போர் முடிந்து வீடு ரோஸி சார்க்கீஸிடம் திரும்பியது. ஆனால் அவருக்குத் திரும்பக் கிடைத்த நகரம் பழைய நகரமன்று.

1946 ஆகஸ்டு 16-ஆம் நாள் தொடங்கிய மதக்கலவரத்தில் சில நாட்களிலேயே கல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஓராண்டு கழிந்து, 1947 ஆகஸ்டில் நாடு பிரிக்கப்பட்டது. வயலெட் பிறந்த டாக்கா ஒரே நள்ளிரவில் வேறு நாட்டின் நகரமாயிற்று. சணல் விளையும் வயல்கள் எல்லையின் கிழக்கிலும் சணல் ஆலைகள் மேற்கிலும் பிரிந்து நிற்க, ஆர்மீனியரின் பழைய வணிகம் அடியோடு குலைந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நிகழ்ந்தது பெரும் வெளியேற்றம். ஆங்கிலேய வணிகர்கள் நிறுவனங்களை மார்வாடி வணிகர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. பாக்தாதிலிருந்து வந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நகரில் வாழ்ந்த யூதர்கள் இலண்டனுக்கும் இசுரேலுக்கும் சென்றனர். ஆர்மீனியரிலும் பலர் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தனர். போர்டிங் ஹவுஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன; அவற்றை நிரப்பிய இளம் ஆங்கிலேய உதவியாளர்கள் வருவது நின்றுபோயிற்று.

ஃபேர்லான் விற்கப்படவில்லை.

இதுவே இக்கதையின் திருப்புமுனை. விற்றிருந்தால் அவ்வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழுந்திருக்கும். சுற்றியுள்ள மனைகள் பலவற்றுக்கும் நேர்ந்தது அதுதான். ஆங்கிலேயர் தம் நாட்டை ‘ஹோம்’ என்றே வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தனர். எத்தனை தலைமுறை இந்தியாவில் கழிந்தாலும், திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுடைய வீடுகளைத் தற்காலிகமாகவே வைத்திருந்தது. ரோஸியின் குடும்பத்துக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அவர்கள் விட்டு வந்த ஊர்களில் ஆர்மீனியரே எஞ்சவில்லை. போக இடமுள்ளவர்கள் போனார்கள். போக்கிடம் இல்லாதவர்களின் வீடு நின்றது. சட்டங்களையும் சந்தை நிலவரத்தையும் மட்டும் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது.

★

1950-களின் விருந்தினர்களுள் இருவகையினர் குறிப்பிடத்தக்கவர்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வரும் மேலாளர்கள் ஒரு வகையினர். மற்றவர்கள் நாடகக்காரர்கள்.

ஜெஃப்ரி கெண்டல், லாரா கெண்டல் தம்பதியர் நடத்திய ‘ஷேக்ஸ்பியரானா’ குழு, பள்ளிகளிலும் அரண்மனைகளிலும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நடித்தபடி இந்தியா முழுதும் சுற்றியது. கல்கத்தாவுக்கு வரும்போது அவர்கள் தங்கிய வீடு ஃபேர்லான். 1956-இல் கல்கத்தாவில், பிருத்வி தியேட்டர்ஸ் குழுவில் நடித்துக்கொண்டிருந்த சசி கபூரும் கெண்டல் தம்பதியரின் மூத்த மகள் ஜெனிஃபரும் சந்தித்தனர், 1958-இல் மணந்தனர். அவ்விருவரின் நினைவோடு இணைந்த இடமாக ஃபேர்லான் பிற்காலத்தில் திரை ரசிகர்களிடையே பெயர்பெற்றது. அக்குழுவின் வாழ்க்கையைத் தழுவி 1965-இல் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ படம் வெளிவந்தது. 1981-இல் அபர்ணா சென் இயக்கிச் சசி கபூர் தயாரித்த ‘36 சௌரிங்கி லேன்’ படத்தில், தனிமையில் வாடும் ஆங்கிலோ-இந்திய ஆசிரியையாக ஜெனிஃபர் நடித்தார்; அப்பாத்திரத்தின் பெயரும் வயலெட்.

ஊர்சுற்றும் நடிகர்களுக்கு நிலையான முகவரி ஒன்று தேவைப்பட்டது. வருமானம் சுருங்கிய போர்டிங் ஹவுஸுக்கு மீண்டும் மீண்டும் வரும் விருந்தினர் தேவைப்பட்டனர். அத்தேவைகள் பொருந்தியதிலிருந்து, ஃபேர்லான் கலைஞர்களும் எழுத்தாளர்களும் வரும் வீடு என்ற பெயர் வளர்ந்தது. பயண எழுத்தாளர் எரிக் நியூபி, ‘சிட்டி ஆஃப் ஜாய்’ நூலின் ஆசிரியர் டொமினிக் லாப்பியேர் முதலியோர் பின்னாளில் அங்கே வந்து தங்கியதும் இத்தொடர்ச்சியிலேதான். அவர்களுடைய படங்களும் கையெழுத்துகளும் படிக்கட்டுச் சுவர்களை நிறைத்தன. அரசு ஆவணக் காப்பகங்களில் போர்டிங் ஹவுஸ்களுக்கு இடமில்லை. முகவரிகளையும் வணிகங்களையும் ஆண்டுதோறும் தொகுத்த தாக்கர் டைரக்டரியிலும் ஒரு வரிக்குமேல் கிடைக்காது. ஆகவே அச்சுவரையே ஆவணக் காப்பகமாகக் கொள்வதில் தவறில்லை.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் இக்காலத்தின் மற்றொரு பக்கம் விளங்கும். சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுதும் பரவி, 1971 வரை நீடித்தது. அந்த 23 ஆண்டுகளிலும் சென்னையில் பொது மதுவிடுதி என்ற ஒன்று வளரவே வழியில்லை. கல்கத்தாவிலோ அதே ஆண்டுகளில் மதுவிடுதிகள் தடையின்றி நடந்தன. அவற்றைச் சுற்றி இசைக்கலைஞர்களும் சமையற்காரர்களும் பேரர்களும் அடங்கிய ஒரு தொழிற்குலமே தழைத்தது. இரு நகரங்களின் பொதுவெளியும் வேறுபட்ட தடங்களில் சென்றதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

★

1962-ஆம் ஆண்டில் ஃபேர்லானின் பொறுப்பு வயலெட்டிடமும் எட்மண்ட் சுமித்திடமும் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ரோஸி காத்த வீடு அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

அக்கைமாற்றம் நிகழ்ந்த ஆண்டு எளியதன்று. அவ்வாண்டு அக்டோபரில் சீனாவுடன் எல்லைப்போர் மூண்டது. அசாமிலும் வட வங்காளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீனக் குடும்பங்கள் இராஜஸ்தானின் தேவலி முகாமுக்கு இரயிலில் கொண்டுசெல்லப்பட்டன. அவர்களுள் இந்தியாவிலேயே பிறந்தவர்களும் இருந்தனர். கல்கத்தாவின் அயல்வழிச் சமூகங்கள் அனைத்தும் அதைக் கண்டு நடுங்கின. ஒரு நாட்டில் எத்தனை காலம் வாழ்ந்தால் அது சொந்த நாடாகும் என்ற கேள்வி, ஆர்மீனியத் தாய்க்குப் பிறந்த வயலெட்டுக்குப் புதியதன்று.

அவர் தங்கினார். 2014-இல், 93-ஆம் வயதில் இறக்கும்வரை ஃபேர்லானைவிட்டு அகலவில்லை. அவருக்குப்பின் மகள் சில ஆண்டுகள் அதை நடத்தினார். 2018-இல் எல்ஜின் ஓட்டல் நிறுவனம் அதை வாங்கியது. ரோஸி தொடங்கி மூன்று தலைமுறைப் பெண்கள், 82 ஆண்டுகள் நடத்திய வீடு அது.

ஆனால் 1962-க்கும் 2014-க்கும் இடையே, குறிப்பாக அதன் முதல் பத்தாண்டுகளில், அவ்வீடு பிழைக்கும் என்று எண்ண எவருக்கும் காரணம் இருந்திருக்காது. 1967-இல் நக்சல்பாரியில் எழுந்த கிளர்ச்சி கல்கத்தாவின் தெருக்களுக்கு வந்தது. 1969-இல் ஐக்கிய முன்னணி அரசு, வைசிராய்களின் சிலைகளையும் தளபதிகளின் சிலைகளையும் நகரச் சதுக்கங்களிலிருந்து அகற்றியது. அவற்றுள் பல பாரக்பூருக்குச் சென்றன. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தனர். மின்வெட்டில் மாலைகள் இருண்டன. பிரித்தானிய ஆட்சியின் அடையாளங்கள் தெருவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அரச குடும்பத்தின் படங்கள் தொங்கிய ஒரு வீடு தன் முற்றத்தின் கதவை நகரத்தாருக்குத் திறந்துவிட்டது.

அக்கதவைத் திறக்கச் செய்தது வறுமையா, துணிவா? முதலில் உள்ளே வந்தவர்கள் யார், அவர்களோடு இந்த நகரத்தின் எந்தச் சண்டைகளும் சமாதானங்களும் உடன்வந்து அந்தப் பச்சை மேசைகளில் அமர்ந்தன? அடுத்த வாரம் பார்க்கலாம்.